களத்துக்கு வரும் பட்டறை: சர்வீஸ் வண்டியையும் வெல்டிங் கருவிகளையும் பேணும் முறை

இயந்திரம் பழுதான இடத்துக்கே சென்று வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கு அவருடைய சர்வீஸ் வண்டிதான் பட்டறை. அறுவடை இயந்திரம் வயல் நடுவில் நின்றாலும், ஜேசிபியின் பக்கெட் குவாரியில் விரிசல் விட்டாலும், போர்வெல் லாரியின் ஹைட்ராலிக் குழாய் ஊருக்கு வெளியே வெடித்தாலும் அழைப்பு இந்த வண்டிக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டில் டாடா ஏஸ் போன்ற சிறு லாரிகளும் பிக்கப் வண்டிகளும் இந்த வேலைக்கு அதிகம் பயன்படுகின்றன. டீசல் ஜெனரேட்டர், வெல்டிங் மெஷின், ஆக்சிஜன் சிலிண்டர், எரிவாயு சிலிண்டர், ஏர் கம்ப்ரசர், பெஞ்ச் வைஸ், கிரைண்டர், ஸ்பேனர் பெட்டி, கிரீஸ் கன், ஜாக்கி என எல்லாமே அதன் பின்தொட்டியில் இருக்கும்.

பட்டறையில் இருக்கும் வெல்டிங் மெஷின் கூரைக்குக் கீழே அசையாமல் நிற்கும். வண்டியில் ஏறிய மெஷினுக்கு அந்த வசதி இல்லை. குண்டும் குழியுமான பாதையில் நாள்தோறும் குலுங்குகிறது, புழுதியை உறிஞ்சுகிறது, மழையிலும் பனியிலும் நனைகிறது. வண்டியில் ஏற்படும் பழுதுகளில் பெரும்பாலானவை அதிர்வு, தூசி, ஈரம் ஆகிய மூன்றில் ஒன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. அதிர்வு நட்டுகளையும் மின் இணைப்புகளையும் தளர்த்துகிறது. தூசி காற்று போகும் வழிகளை அடைக்கிறது. ஈரம் இரும்பை அரிக்கிறது, வெல்டிங் ராடைக் கெடுக்கிறது. எந்தக் கருவியைப் பார்க்கும்போதும் இந்த மூன்றையும் மனதில் வைத்துச் சோதித்தால் பழுதைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம்.

வண்டியும் அதன் சுமையும்

சர்வீஸ் வண்டி எப்போதும் பாதிக்கு மேல் சுமையோடுதான் ஓடுகிறது. சாதாரண சரக்கு வண்டி சுமையை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். இதற்கு அந்த ஓய்வு கிடையாது. அதனால் ஸ்பிரிங் பட்டைகள், பிரேக், டயர் மூன்றும் சீக்கிரம் தேய்கின்றன. டாடா ஏஸ் வகை வண்டியின் சுமைத்திறன் சுமார் 750 கிலோ. நிரம்பிய பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றே ஏறத்தாழ 60 கிலோ இருக்கும். அதோடு ஜெனரேட்டர், கம்ப்ரசர், இரும்புத் துண்டுகள், ஆயில் கேன்கள் எல்லாம் சேரும்போது வரம்பு கண்ணுக்குத் தெரியாமலே தாண்டிவிடுகிறது. எல்லாக் கருவிகளையும் ஏற்றிய நிலையில் வண்டியை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும். ‘பிறகு பயன்படும்’ என்று சேர்த்து வைத்த பழைய பின்னும் புஷ்ஷும்தான் பல வண்டிகளில் வீண் எடை.

கனமான கருவிகளைத் தாழ்வாகவும், பின் அச்சுக்குச் சற்று முன்பாகவும், இடம் வலம் சமமாகவும் வைக்க வேண்டும். ஜெனரேட்டரைத் தொட்டியின் கடைசியில் வைத்தால் முன்சக்கரங்கள் பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடிமானம் தளரும். கருவிகளை வெறும் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினால் தகடு கிழியும். அடியில் சேசிஸின் குறுக்குச் சட்டம் வரை போல்ட் இறங்க வேண்டும். ஜெனரேட்டர், கம்ப்ரசர் கால்களுக்கு ரப்பர் மவுண்ட் வேண்டும். இந்த ரப்பர் வெயிலில் வெடிக்கும் என்பதால் அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பின்தொட்டியின் அமைப்பைப் பெரிய அளவில் மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. எஃப்.சி. புதுப்பித்தலும் தவறக் கூடாது: வணிக வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும்.

எஞ்சின் ஆயில், கூலன்ட், பெல்ட் போன்ற வழக்கமான பராமரிப்பு மற்ற வண்டிகளுக்கு உள்ளதுதான். ஆனால் சர்வீஸ் வண்டி களத்தில் நின்றபடி நீண்ட நேரம் எஞ்சினை ஓட்டுவதும் உண்டு. அந்த நேரம் கிலோமீட்டர் கணக்கில் ஏறாது. ஆகவே ஆயில் மாற்றும் இடைவெளியைக் கிலோமீட்டரை மட்டும் நம்பி முடிவு செய்யாமல், கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்குச் சொல்லியிருக்கும் குறைந்த இடைவெளியைப் பின்பற்றுவது சரி. குவாரி, செங்கல் சூளைப் பக்கம் போய்வந்தால் ஏர் ஃபில்டரை அன்றே பார்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையில் விரிசலையும் யூ போல்ட் இறுக்கத்தையும் வாரம் ஒருமுறை சோதிக்கலாம். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு சில பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் வீல் நட்டை மறுபடி இறுக்க வேண்டும்.

பேட்டரியும் ஒயரிங்கும்

வேலை விளக்கு, செல்போன் சார்ஜர், டீசல் பம்ப், கிரேன் வின்ச் எனப் பின்னால் சேர்த்த மின் இணைப்புகள்தான் வண்டி ஒயரிங்கின் பலவீனமான பகுதி. ஒவ்வொரு புது இணைப்புக்கும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸ் தொலைவில் இருந்தால் நடுவில் ஒயர் தேய்ந்து ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. தகட்டு ஓட்டை வழியே ஒயர் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போடாவிட்டால், சில மாத அதிர்வே ஒயரின் உறையை அறுத்துவிடும்.

முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது ஏறக்குறைய காலி. வெயில் காலத்தில் நீர் சீக்கிரம் ஆவியாகும். காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைக் கழுவித் துடைத்து, இறுக்கிய பிறகு வாசலின் பூசலாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் அருகில் வெல்டிங் பொறி பறந்தால் பேட்டரி வெடிக்கக் கூடும். பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டமும் மூடியும் தேவைப்படுவது இதனால்தான்.

ஜெனரேட்டரும் கம்ப்ரசரும்

ஜெனரேட்டரின் வாழ்நாளை மணிக்கணக்கில் அளக்க வேண்டும். மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இல்லாத மெஷினுக்கு அதைப் பொருத்துவது சிறு செலவில் பெரிய பலன். புது எஞ்சினின் முதல் ஆயிலில் உலோகத் துகள்கள் சேர்வதால் அதைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். பிறகு கையேட்டின் கணக்குப்படி போகலாம். டீசல் ஜெனரேட்டரைச் சுமையே இல்லாமல் நெடுநேரம் ஓடவிடுவது கெடுதல். சிலிண்டர் போதிய சூடேறாமல் டீசல் முழுதாக எரியாது. கரியும் பிசுக்கும் சைலன்சரிலும் வால்விலும் படியும். வெல்டிங் இடைவெளி நீளும் என்றால் எஞ்சினை நிறுத்திவிடுவதே நல்லது. எஞ்சின் சூடாக ஓடும்போது டீசல் ஊற்றவே கூடாது.

இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை ஜெனரேட்டரில் ஓட்டுபவர்கள் திறனைச் சரியாகப் பொருத்த வேண்டும். ஒரு பேஸில் ஓடும் 200 ஆம்பியர் மெஷினை முழுத் திறனில் ஓட்ட 8 முதல் 10 கேவிஏ வரை தேவைப்படும். சிறிய ஜெனரேட்டரில் மாட்டினால் ஆர்க் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் வோல்ட்டேஜ் சரியும். அது மெஷினின் எலக்ட்ரானிக் பலகையையும் காலப்போக்கில் ஜெனரேட்டரையும் கெடுக்கும். கார்பன் பிரஷ் உள்ள ஜெனரேட்டரில் பிரஷ் தேய்மானத்தையும் ஸ்லிப் ரிங்கின் வழவழப்பையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஏர் கம்ப்ரசரின் பராமரிப்பில் முதன்மையானது தொட்டியின் அடி வால்வைத் திறந்து நீரை வடிப்பது. அழுத்திய காற்றிலிருந்து பிரியும் நீர் அடியில் தங்கி, வெளியே தெரியாமல் உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். நாள் முடிவில் அரை நிமிடம் வால்வைத் திறந்தால் போதும். பாதுகாப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்த்து, அது திறந்து மூடுவதை உறுதிசெய்ய வேண்டும். துரு தின்ற தொட்டியை ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. மாற்றியே ஆக வேண்டும்.

வெல்டிங் மெஷினும் கேபிளும்

பழைய ஆயில் கூல்டு டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்கள் முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும். ஆனால் கனம் அதிகம், குலுங்கும்போது ஆயில் கசியும். இன்று சர்வீஸ் வண்டிகளில் இன்வெர்ட்டர் மெஷின் பரவலாகிவிட்டதற்கு அதன் எடைக் குறைவே காரணம். இந்த மெஷினுக்கு முதல் பகை இரும்புத் தூள். மெஷினுக்கு அருகில் கிரைண்டர் ஓடினால் பறக்கும் தூளை அதன் விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். மண் தூசி காற்று வழியை அடைப்பதோடு நின்றுவிடும். இரும்புத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பலகையில் படிந்து ஷார்ட் ஆக்கிவிடும். கிரைண்டரிலிருந்து பொறி பறக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக மெஷினைத் தள்ளி வைத்தாலே பாதிச் செலவு மிச்சம். மாதம் ஒருமுறை மின் இணைப்பைத் துண்டித்து, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னேற்றம் இறங்கச் சில நிமிடங்கள் காத்திருந்து, குறைந்த அழுத்தத்தில் ஈரமில்லாத காற்றால் உள்ளே ஊத வேண்டும். கம்ப்ரசரில் நீரை வடிக்காமல் ஊதினால் நன்மைக்குப் பதில் கேடுதான் வரும்.

மெஷினில் 60 சதவீதம் என்று பணிச் சுழற்சி குறித்திருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் மட்டுமே வெல்டு வைக்கலாம். மீதி 4 நிமிடம் ஆறவிட வேண்டும். முறையாக மதிப்பிட்ட மெஷின்களில் இந்தக் கணக்கு 40 டிகிரி செல்சியஸ் சூழலுக்கானது. சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய தகட்டுப் பெட்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டும். ஆகவே வேலையின்போது மெஷினை வெளியே நிழலில் வைப்பதோ, பெட்டியின் இருபுறக் கதவையும் திறந்து வைப்பதோ அவசியம். வேலை முடிந்த கையோடு மெஷினை அணைக்காமல், விசிறியைச் சில நிமிடம் ஓடவிட்டு ஆற வைக்க வேண்டும்.

கேபிள்தான் பலர் கவனிக்காத பகுதி. 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை ஹோல்டருக்கு 30 மீட்டரும் எர்த்துக்கு 30 மீட்டரும் இழுத்து 150 ஆம்பியரில் வெல்டு வைத்தால், கேபிளிலேயே சுமார் 4.5 வோல்ட் வீணாகும். அந்த ஆம்பியரில் ஆர்க்குக்குத் தேவையான வோல்ட்டேஜே சுமார் 26தான். நீளம் தேவைப்பட்டால் கேபிளின் தடிமனைக் கூட்ட வேண்டும். மிஞ்சிய கேபிளைச் சுருட்டி வைத்தபடி வெல்டு வைத்தால் சுருளுக்குள் சூடு தேங்கி உறை உருகும். அதைப் பிரித்துத் தரையில் பரப்ப வேண்டும்.

கேபிளின் முனையில் உள்ள லக் சற்றுத் தளர்ந்து, அந்த இணைப்பில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். 150 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு முனையில் மட்டும் 225 வாட் வெப்பம் உண்டாகும். ஈயத்தை உருக்கும் சிறிய சால்டரிங் அயர்னே 25 வாட்தான். லக் அருகில் உறை கறுத்திருப்பது, செம்பு இழைகள் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருப்பது, ரப்பர் கருகிய வாடை ஆகியவை இதற்கான அடையாளங்கள். கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, இழைகள் செம்பு நிறத்தில் பளிச்சென்று தெரியும் இடத்தில் புது லக்கை அழுத்திப் பொருத்த வேண்டும். சுத்தியால் தட்டி ஒட்டவைத்த லக் நிலைக்காது. வேலை முடிந்ததும் கேபிளின் இணைப்புகளைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். மற்ற இடத்தைவிட எங்கே அதிகம் சுடுகிறதோ அங்கே தளர்வு இருக்கிறது.

எர்த் கிளாம்பை எங்கே மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் இயந்திரத்தைக் காப்பதோடு தொடர்புடையது. ஜேசிபி பக்கெட்டில் விரிசலை அடைக்கும்போது கிளாம்பை ஜேசிபியின் சேசிஸில் மாட்டினால், மின்சாரம் பக்கெட் பின், புஷ், ஹைட்ராலிக் சிலிண்டர் வழியாகத்தான் திரும்ப வேண்டியிருக்கும். எண்ணெய்ப் படலம் உள்ள அந்த இடங்களில் நுண்ணிய பொறிகள் எழுந்து பின்னிலும் பேரிங்கிலும் குழிகள் விழும். சில வாரம் கழித்துப் பேரிங் சத்தமிடும்போது காரணம் யாருக்கும் புரியாது. கிளாம்பைப் பக்கெட்டிலேயே, வெல்டு வைக்கும் இடத்துக்கு அருகில், பெயின்ட்டையும் துருவையும் தேய்த்து எடுத்த பரப்பில் மாட்ட வேண்டும். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள வண்டி என்றால் முதலில் அதன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் பிரித்துவிட வேண்டும்.

வெல்டிங் ராடு

நல்ல மெஷினும் நல்ல கையும் இருந்தும் வெல்டு விரிசல் விடுவதற்கு ஈரமான ராடு ஒரு பெரிய காரணம். பொதுவேலைக்கான இ 6013 ராடு ஓரளவு ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். நமத்துப்போனால் சுமார் 100 டிகிரியில் காயவைத்தால் போதும். பக்கெட், சேசிஸ், ஆக்சில் போன்று பாரம் தாங்கும் கெட்டி இரும்புக்குப் பயன்படும் இ 7018 வகை அப்படியல்ல. அதன் பூச்சில் இருக்கும் ஈரம் ஆர்க் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜன் வாயுவாக உருகிய இரும்புக்குள் புகுந்துவிடும். வெல்டு வைத்தபோது குறையே தெரியாது; சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வெல்டின் ஓரத்தில் விரிசல் தோன்றும். அதற்குள் இயந்திரம் வேலைக்குப் போயிருக்கும்.

ஆகவே பெட்டி திறந்த இ 7018 ராடுகளைச் சூடான பெட்டியில் 100 முதல் 150 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஈரம் ஏறியதாகச் சந்தேகம் வந்தால் தயாரிப்பாளர் சொல்லும் அளவில், பொதுவாக 350 டிகிரி அளவில், ஒன்றிரண்டு மணி நேரம் அடுப்பில் வறட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். வண்டியில் எடுத்துச் செல்லக் கையடக்க ராடு அடுப்புகள் கிடைக்கின்றன. அது இல்லாதவர்கள் அன்றைய தேவைக்கு மட்டும் ராடு எடுத்து, இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் வைக்கலாம். பூச்சு உதிர்ந்த ராடு, வெள்ளை பூத்த ராடு, ஆயில் பட்ட ராடு ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். பெட்டிக்குள் ராடுகள் உருண்டு ஒன்றோடொன்று மோதிப் பூச்சு உடையாதபடி, அளவுவாரியாகக் குழாய்களில் நிறுத்தி வைப்பது வசதி.

கேஸ் கட்டிங் செட்

வண்டியில் இருப்பவற்றில் அதிக ஆபத்து உள்ளது கேஸ் கட்டிங் செட்தான். இந்தியாவில் ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கறுப்பு நிறம், அசிட்டிலினுக்கு மெரூன் நிறம். ஆக்சிஜன் ஹோஸ் நீலம், அசிட்டிலின் ஹோஸ் சிவப்பு. ஆக்சிஜன் இணைப்புகள் வலப்பக்கமாகவும், எரிவாயு இணைப்புகள் இடப்பக்கமாகவும் இறுகும். மாறி மாட்டிவிடாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு. நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தம் இருக்கும். வால்வு உடைந்தால் சிலிண்டரே பாய்ந்து செல்லும். அதனால் ஓடும் வண்டியில் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டு, மேலும் கீழும் சங்கிலியால் கட்டியே சிலிண்டரை எடுத்துச் செல்ல வேண்டும்.

ஆக்சிஜன் பக்கத்தில் ஆயிலும் கிரீஸும் படவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜனில் அவை தாமாகவே தீப்பிடிக்கும். நாள் முழுதும் கிரீஸ் கையோடு வேலை செய்யும் மெக்கானிக்குக்கு இது கடினமான விதி. ஆனாலும் விலக்கு இல்லாத விதி. கை கழுவி, தனியாக வைத்த சுத்தமான ஸ்பேனரால்தான் ரெகுலேட்டரை மாட்ட வேண்டும்.

அசிட்டிலின் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த பொருளும் அதில் ஊறிய அசிட்டோனும் இருக்கும். வாயு அதில் கரைந்திருக்கிறது. சிலிண்டரைப் படுக்கவைத்துப் பயன்படுத்தினால் அசிட்டோன் வெளியேறிவிடும். ஹோஸில் அசிட்டிலின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் அது தானாகவே சிதைந்து வெடிக்கக் கூடும். செம்புக் குழாயால் ஹோஸை ஒட்டுவதும் ஆபத்து. செம்போடு அசிட்டிலின் சேர்ந்து வெடிக்கும் பொருளாகிறது.

பலர் கட்டிங்குக்கு அசிட்டிலினுக்குப் பதிலாக எல்பிஜி பயன்படுத்துகிறார்கள். கட்டிங்குக்கும் சூடேற்றுவதற்கும் அது ஏற்றது. ஆனால் நாசில் வேறு. வீட்டுச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டரே வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தொட்டியின் அடியில் தேங்கும். சிலிண்டர் நிற்கும் இடத்தில் அடித்தகட்டில் ஓட்டைகள் இருக்க வேண்டும்.

கசிவுச் சோதனைக்குச் சோப்பு நீர் போதும். இணைப்புகளை இறுக்கி, டார்ச் வால்வுகளை மூடி, சிலிண்டர் வால்வை மெல்லத் திறந்து, ஒவ்வொரு நட்டிலும் நுரையைத் தடவ வேண்டும். குமிழி ஊதிப் பெருகினால் அங்கே கசிவு. வால்வைத் திறக்கும்போது ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்தால் வெடிப்புகள் தெரியும். வெடித்த ஹோஸை டேப் சுற்றிப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும். சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். நாசில் துளையைக் கம்பியால் குடையாமல், அதற்கென உள்ள கிளீனரால் நேராகச் சுத்தம் செய்ய வேண்டும். துளை நீள்வட்டமானால் வெட்டு கோணலாகும், ஆக்சிஜனும் வீணாகும்.

சிலிண்டர்களுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் மேற்பார்வையில் 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகள் பொருந்தும். தோளில் பொறித்த சோதனைத் தேதியைப் பார்த்தே சிலிண்டரை வாங்க வேண்டும்.

களத்தில் தீ எச்சரிக்கை

வைக்கோல், காய்ந்த புல், கரும்புச் சோகை, டீசல் கசிந்த மண் ஆகியவை சர்வீஸ் மெக்கானிக்கின் அன்றாடச் சூழல். தொடங்கும் முன் சுற்றிலும் துப்புரவு செய்து நீர் தெளிக்க வேண்டும். உலர் தூள் தீயணைப்பான் வண்டிக்குள் பூட்டியிருக்காமல் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் பார்க்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே கண்காணிப்பது அவசியம்; வைக்கோலுக்குள் விழுந்த பொறி புகையாமல் கனன்று கொண்டிருக்கும். டீசல் டேங்க், ஆயில் டிரம் போன்ற மூடிய கலன்களில், அவை காலியாக இருந்தாலும், முறையாகச் சுத்தம் செய்யாமல் வெல்டு வைக்கக் கூடாது. பிரேக் கிளீனர் தெளித்த பாகம் முழுதும் உலர்ந்த பிறகே ஆர்க் பிடிக்க வேண்டும். குளோரின் கலந்த கிளீனரின் ஆவி ஆர்க் சூட்டில் நச்சு வாயுவாக மாறும். கால்வனைஸ் தகட்டில் வெல்டு வைப்பதற்கு முன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காவிட்டால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம்.

ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி, கேஸ் கட்டிங்குக்கு 5ஆம் எண் கண்ணாடி பொதுவாகப் பொருந்தும். ராடு தொடாத நிலையிலும் ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் இருக்கும். வியர்வையில் நனைந்த உடலுக்கு அதுவே உயிரைப் பறிக்கப் போதுமானது. உலர்ந்த தோல் கையுறையும், உடைந்த காப்பு இல்லாத ஹோல்டரும் இதனால்தான் கட்டாயம்.

தவறாத கால அட்டவணை

இவ்வளவையும் ஒரே நாளில் பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. காலையில் கிளம்பும் முன் வண்டி ஆயில், டயர், பிரேக், சிலிண்டர் கட்டு, கேபிள் உறை, தீயணைப்பான் ஆகியவற்றைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மாலையில் கம்ப்ரசர் நீரை வடித்து, கேபிளைச் சுருட்டி, சிலிண்டர் வால்வை மூடி ஹோஸில் உள்ள வாயுவை வெளியேற்ற வேண்டும். வாரம் ஒருமுறை யூ போல்ட், ஜெனரேட்டர் மவுண்ட், பேட்டரி முனை, கேபிள் லக். மாதம் ஒருமுறை மெஷின் தூசி, கம்ப்ரசர் பாதுகாப்பு வால்வு, ஹோஸ் வெடிப்பு, கிரேன் இருந்தால் அதன் கம்பிக் கயிற்றின் அறுந்த இழைகள். ஆண்டுக்கு ஒருமுறை எடைமேடையும் ரெகுலேட்டர் சோதனையும்.

எந்தப் பாகம் எந்தத் தேதியில், எத்தனையாவது மணியில் மாற்றப்பட்டது என்பதை ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வைக்க வேண்டும். ஓராண்டு எழுதினாலே எது எப்போது தேய்கிறது என்ற கணக்கு கைக்கு வந்துவிடும். அதன் பிறகு, பாகம் பழுதாகி வண்டி நடுவழியில் நிற்கும் முன்பே, வேலையில்லாத நாளில் பட்டறை வாசலில் வைத்து அதை மாற்றிவிட முடியும்.